தலையில் கரண்ட் வைத்தால் படிப்பு ஏறுமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகள் நீட் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிறாள். இரவு 12 மணிக்குப் படுத்து, விடிகாலை 4 மணிக்கு எழுந்துவிடுகிறாள். தலையில் மாட்டிக்கொண்டு 20 நிமிடம் லேசாக மின்சாரம் கொடுத்தால் மனப்பாட சக்தி கூடும் என்று ஆன்லைனில் ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, வாங்கியே தீர வேண்டும் என்கிறான் என் தம்பி. ஆக்ஸ்ஃபோர்டிலேயே நிரூபித்துவிட்டார்களாம். எனக்கோ ஷாக் ட்ரீட்மெண்ட் மாதிரி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். வாங்கலாமா?
— ஒரு தாய், நாமக்கல்

பதில்: முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஷாக் ட்ரீட்மெண்டில் பாய்வது சுமார் 800 மில்லி ஆம்பியர். உங்கள் தம்பி பார்த்த வகைக் கருவியில் 1 அல்லது 2 மில்லி ஆம்பியர்தான். அது தூங்கும் நரம்பு செல்லைத் தட்டி எழுப்பாது. எழுந்திருக்கப் போகிற செல்லின் போர்வையைக் கொஞ்சம் விலக்கிவிடும், அவ்வளவுதான். வயரை மாற்றி வைத்தால் அதே போர்வையை இழுத்துப் போர்த்திவிடும். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர் மூளையில் நடக்கும் இந்த மாற்றத்தை, அது கைத் தசையை எவ்வளவு துடிக்க வைக்கிறது என்று பார்த்து அளந்து காட்டினார்கள். அதற்கப்புறம் ஊருக்கு ஊர் ஆராய்ச்சிதான்.

ஆக்ஸ்ஃபோர்டு விஷயமும் பொய்யில்லை. 2010-ல் அங்கே ராய் கோஹென் கடோஷ் குழுவினர், எண்களுக்குப் பதிலாகப் புதிதாகச் சில குறிகளை உருவாக்கி, ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியின்போது தலையில் மின்சாரம். ஒரு குழு மற்றவர்களைவிட நன்றாகக் கற்றது. ஆறு மாதம் கழித்தும் மறக்கவில்லை. தம்பி இதுவரை சொல்லியிருப்பார். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 15 பேர், குழுவுக்கு ஐந்து பேர் என்பதைச் சொன்னாரா? மின்சாரத்தைத் திசை மாற்றிக் கொடுத்த குழு, எண்களில் சின்னப் பிள்ளைகளைப் போலத் தடுமாறியதைச் சொன்னாரா?

அதே கோஹென் கடோஷ் பின்னால் செய்த ஆய்வுகள்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. 2013-ல் பார்த்தது: மூளையின் ஒரு பகுதியில் கொடுத்தால் புதிய குறிகளை வேகமாகக் கற்றார்கள், ஆனால் கற்றதை யோசிக்காமல் சட்டென்று கையாளும் திறமை குறைந்தது. வேறொரு பகுதியில் கொடுத்தபோது இது அப்படியே தலைகீழ். ஒரு பாக்கெட்டில் போட்டுவிட்டு இன்னொரு பாக்கெட்டில் எடுத்துக்கொள்கிற கதை. 2014-ல், கணக்கு என்றாலே நடுங்குகிறவர்களுக்கு இந்த மின்சாரம் உதவியது; பயமில்லாதவர்களுக்குக் கெடுத்தது. 2025-ல் 72 பேரை வைத்து ஐந்து நாள் நடத்திய ஆய்வில், ஏறுமாறாகத் துடிக்கும் வேறு வகை மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். மூளையின் முன்பகுதிக்கும் பக்கவாட்டுப் பகுதிக்கும் இயல்பிலேயே தொடர்பு பலவீனமாக இருந்தவர்கள்தான் அதில் பலன் பெற்றார்கள். அதுவும் போட்டுப் பார்த்துக் கற்கும் கணக்கில். விடையை மனப்பாடம் செய்வதில் ஒரு முன்னேற்றமும் இல்லை. நீட் உயிரியலுக்கு எது வேண்டும் என்று உங்கள் மகளையே கேட்டுப் பாருங்கள்!

உங்கள் மகள் எந்த ரகம்? ஸ்கேன் எடுக்காமல் எனக்கே தெரியாது. கருவி விற்கிறவர் அதைக் கேட்கவும் போவதில்லை. ஒரே ஒரு முறை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் 2015-ல் திரட்டிப் பார்த்தவர்களுக்கு, சிந்தனைத் திறனில் நம்பத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை. இறந்தவர்களின் உடலில் அளந்தபோது, கொடுத்த மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு தோலிலும் மண்டையோட்டிலுமே தங்கிவிட்டது.

அதோடு நம் வீட்டுத் தலைகளில் எண்ணெய் வேறு. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. எடுக்க வருகிறவர்களிடம் முதல் நாளே ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வோம். அப்படியும் பாதிப் பேர் சீயக்காய் போட்டதோடு நிறுத்தாமல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு வருவார்கள். எங்கள் டெக்னீஷியன் அவர்களுடைய உச்சந்தலையை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மின்தொடர்பு சரியா என்று காட்டும் மீட்டரைப் பார்த்து முகம் சுளித்து, மறுபடி தேய்ப்பார். உப்புநீரில் நனைத்த பஞ்சைப் பட்டையில் செருகி வீட்டில் மாட்டிக்கொள்கிற பிள்ளைக்கு மீட்டர் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இது பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காமல் காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்த மின்சாரத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் பயன்படுகிறது. அங்கே டாக்டர் பக்கத்தில் இருக்கிறார்.

கருவி வேண்டாம் அம்மா. கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்த நான்கு மணி நேரத் தூக்கம். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது. 10:30-க்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். திட்டுவாள், பரவாயில்லை.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர், இரண்டு பஞ்சு இருந்தால் இதை நானே செய்துவிடலாம் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். ஆபத்தா மேடம்?
— மூன்றாம் ஆண்டு பொறியியல் மாணவர், கோவை

பதில்: செய்துவிடலாம் தம்பி, அதுதான் பிரச்சினை. பயிற்சிக் காலத்தில் எனக்கு நானே ஒருமுறை வைத்துப் பார்த்தேன், நல்ல கருவியில்தான். பஞ்சின் அடியில் எறும்பு ஊர்வது போல அரிப்பு, கழுத்து வழியே உப்புநீர். படிப்படியாகக் குறைக்காமல் நண்பர் பட்டென்று நிறுத்தியதும், கண்ணுக்குள் கேமரா ஃப்ளாஷ் அடித்தது போல வெளிச்சம்.

உங்களைப் போல ஒரு மாணவர் சில வருடம் முன்பு அம்மாவுடன் வந்தார். நெற்றியின் வலப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து, நடுவில் கொப்புளம். பஞ்சு காய்ந்ததைக் கவனிக்காமல் பாடத்தில் மூழ்கிவிட்டாராம். பஞ்சு காய்ந்தால் மின்சாரம் மிச்சமிருக்கும் ஈரத்தில் போய்க் குவியும். அந்த இடம் புண்ணாகும். புண் ஆறிவிடும். தினமும் மாதக்கணக்கில் செய்தால் மூளைக்குள் என்ன ஆகும் என்பதை எந்த ஆய்வும் பார்த்து முடிக்கவில்லை. 2016-ல் இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் 39 பேர், வீட்டில் செய்துபார்க்கிறவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார்கள்: ஒன்றில் கூடும் திறன் இன்னொன்றில் குறையலாம், மாற்றம் நீண்ட காலம் நிற்கலாம், ஒவ்வொருவருக்கும் விளைவு வேறு என்று. உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா என்றும் நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: எனக்கு வயது 71. பெயர்கள் மறக்கின்றன. முதியவர்களின் ஞாபகத்தை மின்சாரத்தால் மீட்கிறார்களாமே? (பி.கு.: சென்ற இதழில் பி12 தினத் தேவை 2.4 மில்லிகிராம் என்று அச்சாகியுள்ளது. மைக்ரோகிராம் அல்லவா?)
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2022-ல் வெளியான ஆய்வு, ஐயா. 65 முதல் 88 வயது வரை உள்ளவர்களுக்கு, தினம் 20 நிமிடம் வீதம் நான்கு நாள், மாறுதிசை மின்னோட்டம். சொற்பட்டியலை நினைவுகூர்வது கூடியது. ஒரு மாதம் வரை நின்றது. நல்ல செய்திதான், ஆனால் இன்னும் ஆய்வுக்கூடத்துச் செய்தி. நீங்கள் முதலில் தைராய்டு, பி12 இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். காதில் விழாத பெயர் ஞாபகத்தில் நிற்காது.

மைக்ரோகிராம்தான். தவறு என்னுடையது.