0-3லிருந்து 4-3: 2004 பாஸ்டன் - நியூயார்க் தொடர் பற்றிக் கேள்வி பதில்

2004 அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய அமெரிக்கன் லீக் இறுதித் தொடரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தத் தொடரில் அப்படி என்ன விசேஷம் என்று முதலில் சொல்லுங்கள் அண்ணா. — பிரபு

சரி தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். மேஜர் லீக் எனப்படும் அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பாலில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றின் வெற்றியாளரும் வேர்ல்ட் சீரிஸில் மோதுவார்கள். அதற்கு முந்தைய படிதான் இந்தத் தொடர். அதிகபட்சம் ஏழு ஆட்டங்கள். முதலில் நான்கை ஜெயிப்பவருக்குத் தொடர். நியூயார்க் முதல் மூன்றையும் ஜெயித்தது. ஒன்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய பாஸ்டன், அடுத்த நான்கையும் ஜெயித்தது. மேஜர் லீக்கின் நூறாண்டு வரலாற்றில் அதற்கு முன் எந்த அணியும் இதைச் செய்ததில்லை.

ஆட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இங்கே ஓவர் கணக்கு கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமமாக இருந்தால், யாராவது ஜெயிக்கும்வரை ஆட வேண்டியதுதான். பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின், தோள் மனிதத் தோள், அது களைத்துப்போகும். இந்தத் தொடரே அந்தக் களைப்பைப் பற்றியதுதான் என்பது என் கருத்து.

இந்த இரண்டு ஊர்களுக்கும் ஏன் இவ்வளவு பகை? — மீனா, எடிசன்

பழைய கதையும் இருக்கிறது, புதிய கதையும் இருக்கிறது. பழையது 1919 டிசம்பரில் தொடங்குகிறது. ரெட் சாக்ஸின் உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸீ, தன் அணியின் பெரிய நட்சத்திரமான பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார். அதுவரை ஒரு பட்டம்கூட வாங்காத யாங்கீஸ், 2000க்குள் 26 வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்துவிட்டது. 1918க்குப் பிறகு பாஸ்டனுக்கு ஒன்றும் இல்லை. 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள். நான்கிலும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள்.

புதிய கதை 2003. அதே கட்டம், அதே இரண்டு அணிகள், ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என்று முன்னிலை. பாஸ்டன் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் களைத்துவிட்டார் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மேனேஜர் கிரேடி லிட்டில் அவரை மாற்றவில்லை. ஆட்டம் சமமானது. 11வது இன்னிங்ஸில் பாஸ்டனின் டிம் வேக்ஃபீல்ட் வீசிய பந்தை யாங்கீஸின் ஆரன் பூன் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, பந்து எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்தார், முடிந்தது. லிட்டிலின் வேலை போனது. டெர்ரி ஃபிரான்கோனா வந்தார். அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டன் வாங்கப் பார்த்து, வீரர் சங்கம் தடுத்ததால் கைநழுவிய நட்சத்திர வீரர் அலெக்ஸ் ரோட்ரிகஸையும் யாங்கீஸே தட்டிக்கொண்டு போனது. இத்தனைக்கும் பிறகு பகை இல்லாமல் எப்படி இருக்கும்?

ரூத்தை விற்ற சாபம் என்கிறார்களே, நீங்கள் நம்புகிறீர்களா? — ஜெயந்தி

இல்லை அம்மா. சாபம் என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பின்னாளில் மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன், 1945ல் பாஸ்டனின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கு வந்து தேர்வுப் பயிற்சியில் ஆடிக்காட்டினார். ரெட் சாக்ஸ் அவரை எடுக்கவில்லை. மேஜர் லீக் அணிகளிலேயே கடைசியாகக் கறுப்பின வீரரைச் சேர்த்தது அவர்கள்தான். 1959ல் பம்ப்சி கிரீன் வந்தார். திறமையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்த அணி தோற்றதற்குப் பேயையும் சாபத்தையும் தேட வேண்டுமா?

மூன்றாவது ஆட்டத்தில் 19-8 என்று அடி வாங்கினார்கள். அதன் பிறகும் எப்படி எழுந்தார்கள்? — அருள்

எழுந்ததே அந்த ஆட்டத்துக்குள்தான் என்று நினைக்கிறேன். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அக்டோபர் 16, ஃபென்வே பார்க். யாங்கீஸின் ஹிதேகி மட்சுயி இரண்டு ஹோம் ரன் உட்பட ஐந்து ஹிட் (பேட்டர் பத்திரமாக பேஸை அடையும் அடி). பாஸ்டனின் பிட்சர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிதறிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியவர் வேக்ஃபீல்ட். முந்தைய ஆண்டு பூனிடம் அடி வாங்கிய அதே மனிதர். அவர் ஃபிரான்கோனாவிடம் போய், தன் முறையை விட்டுத்தருகிறேன், இன்றைக்கே வீசுகிறேன் என்றார். மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், ஐந்து ரன் கொடுத்தார். புள்ளிவிவரத்தில் பார்த்தால் தோல்வி. ஆனால் அவர் அதைச் சுமந்ததால் மற்ற பிட்சர்களின் கை மிச்சமானது. அடுத்த இரண்டு ஆட்டங்களும் 12, 14 இன்னிங்ஸ் என்று நீண்டன. அந்த மிச்சம் இல்லையென்றால் பாஸ்டனிடம் வீச ஆள் இருந்திருக்காது.

அப்புறம், அவர் விட்டுக்கொடுத்த நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியது யார்? பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டப் போட்டிகளுக்கான தொடக்க பிட்சர் வரிசையிலிருந்தே ஒதுக்கப்பட்டிருந்த டெரெக் லோ.

டேவ் ராபர்ட்ஸின் அந்த ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன். — கதிர், டொராண்டோ

இதைக் கேட்கவில்லையே என்றுதான் காத்திருந்தேன்.

அக்டோபர் 17, ஞாயிறு இரவு, நான்காவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 4, பாஸ்டன் 3. வீசுவது மரியானோ ரிவேரா. பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த முடிப்பாளர் அவர். கடைசி ஒன்று இரண்டு இன்னிங்ஸை அவர் கையில் கொடுத்தால் வெற்றி உறுதி என்பதுதான் வழக்கம். அந்தத் தொடர் தொடங்கிய நாளில், பனாமாவில் உறவினர்கள் இருவரின் இறுதிச்சடங்கை முடித்துக்கொண்டு விமானத்தில் வந்து நேராக ஆடிய மனிதரும்கூட.

முதல் பேட்டர் கெவின் மில்லாருக்கு நான்கு கெட்ட பந்துகள் போனதால் இலவசமாக முதல் பேஸ் கிடைத்தது. (மூன்று பேஸ்களையும் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.) மில்லார் மெதுவானவர். அவருக்குப் பதிலாக ஓட ராபர்ட்ஸ் வந்தார். ஜூலை 31 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து, யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒரு பரிமாற்றத்தில் வாங்கப்பட்டவர். மறுபக்கம் அதே நாளில் ஊரே கொண்டாடிய நோமார் கார்சியாபாராவை சிகாகோவுக்கு அனுப்பியிருந்தார்கள். பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடப்போகிறார், அதாவது பந்து அடிக்கப்படும்வரை காத்திராமல் ஓடிப் பிடிக்கப்போகிறார் என்பது அரங்கில் இருந்த 35,000 பேருக்கும் தெரியும். ரிவேராவுக்கும் தெரியும். அவர் ராபர்ட்ஸைப் பிடிக்க முதல் பேஸுக்கு மூன்று முறை பந்தை எறிந்தார். மயிரிழையில் தப்பினார் ராபர்ட்ஸ். பத்து நாளாகப் பெஞ்சில் உட்கார்ந்து விறைத்திருந்த கால்களுக்கு அந்த மூன்று எறிதல்கள்தான் சூடேற்றின. பேட்டருக்குப் போன முதல் பந்திலேயே ஓடினார். கேட்சர் ஹோர்கே போசாடாவின் எறிதல் நன்றாகவே இருந்தது. டெரெக் ஜீட்டர் கையுறையால் தொடுவதற்குள் ராபர்ட்ஸின் கை பேஸில் இருந்தது. ஒரு விரற்கடை வித்தியாசம்.

பேட்டர் பில் மில்லர். ஜூலை 24 அன்று இதே ஃபென்வேயில் இதே ரிவேராவை ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தவர். இப்போது நடுவில் ஒரு ஹிட், ராபர்ட்ஸ் வந்து சேர்ந்தார், 4-4. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், 12வது இன்னிங்ஸில் பாஸ்டனின் டேவிட் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்து 6-4 என்று முடித்தார்.

ராபர்ட்ஸ் அந்தத் தொடரில் ஒருமுறைகூட மட்டை பிடிக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. பின்னாளில் டாட்ஜர்ஸ் மேனேஜராக வேர்ல்ட் சீரிஸ் பட்டங்களையும் வாங்கினார். ஆனாலும் பாஸ்டனில் அவர் அந்த ஓட்டத்துக்கான ஆள்தான்.

ஐந்தாவது ஆட்டம்தான் அதைவிடச் சிறந்தது என்கிறேன். ஒத்துக்கொள்வீர்களா? — ஸ்ரீராம்

முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன். நான்காவது ஆட்டம் முடிந்த அதே திங்கள்கிழமை மாலை தொடங்கி, 5 மணி 49 நிமிடம் நீடித்தது. பாஸ்டன் 4-2 என்று பின்தங்கியிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் பிட்சர் டாம் கோர்டனை ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்தார். மில்லாருக்கு மறுபடி இலவச பேஸ், மறுபடி ராபர்ட்ஸ் ஓட வந்தார். கோர்டனின் கவனம் பேட்டரைவிட ராபர்ட்ஸ் மேல்தான் இருந்தது. டிராட் நிக்சன் ஹிட் அடிக்க, ராபர்ட்ஸ் மூன்றாவது பேஸ். ரிவேராவைக் கூப்பிட்டார்கள், பாஸ்டன் கேட்சர் ஜேசன் வாரிடெக் தூக்கி அடித்த பந்து பிடிபட்டாலும் ராபர்ட்ஸ் வந்துவிட்டார். 4-4.

ஒன்பதாவதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. யாங்கீஸின் டோனி கிளார்க் அடித்த பந்து துள்ளி ரசிகர்களிடையே போய் விழுந்தது. விதிப்படி ஓடுபவர் மூன்றாவது பேஸில் நிற்க வேண்டியதாயிற்று. பந்து ஆடுகளத்துக்குள்ளேயே நின்றிருந்தால், ஓடிக்கொண்டிருந்த ரூபன் சியேரா வந்து ரன் எடுத்திருப்பார்.

கடைசி மூன்று இன்னிங்ஸை வீசியது வேக்ஃபீல்ட். அவருடைய நக்கிள்பால் சுழலாமல் மிதந்து ஆடும். கேட்சருக்கே எங்கே வரும் என்று தெரியாது. 13வதில் வாரிடெக் மூன்று பந்துகளைத் தவறவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சே நின்றது. ஆனாலும் ரன் போகவில்லை. 14வதில் யாங்கீஸ் பிட்சர் எஸ்டபான் லோயிசாவிடம் பந்துக்கு மேல் பந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்த ஓர்ட்டிஸ், கடைசியில் ஒரு சிறிய ஹிட் போட, ஜானி டேமன் ஓடிவந்தார். 5-4. வெற்றி பிட்சர் என்று ஆவணத்தில் இருக்கும் பெயர் வேக்ஃபீல்டுடையது.

கர்ட் ஷில்லிங்கின் காலுறையில் இருந்தது நிஜ ரத்தமா? — நிஷா

நிஜம்தான். பாஸ்டன் பிட்சரான ஷில்லிங்குக்குக் கணுக்காலில் தசைநாரைப் பிடித்துவைக்கும் உறை கிழிந்திருந்தது. முதல் ஆட்டத்தில் அதனால்தான் மூன்று இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தார். அணி மருத்துவர், தசைநார் நழுவாமல் இருக்கத் தோலை உள்ளே இருக்கும் திசுவோடு சேர்த்துத் தைத்தார். இதை யாரும் அதற்கு முன் செய்ததில்லை என்பதால் முதலில் ஒரு சடலத்தின் காலில் செய்து பார்த்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஷில்லிங் அந்தத் தையலோடு ஏழு இன்னிங்ஸ் வீசி ஒரே ரன் கொடுத்தார். தையல் வழியாகக் கசிந்ததுதான் அந்தச் சிவப்பு.

அதே ஆட்டத்தில் ரோட்ரிகஸை அவுட் கொடுத்தது சரியா? யாங்கீஸ் ரசிகனாக இன்னும் ஆறவில்லை. — விக்னேஷ், குயீன்ஸ்

சரியான தீர்ப்புதான், விக்னேஷ். எட்டாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 4-2 முன்னிலை. முதல் பேஸை நோக்கி ஓடிய ரோட்ரிகஸ், பந்தோடு தன்னைத் தொட வந்த பாஸ்டன் பிட்சர் பிரான்சன் அராயோவின் கையுறையைக் கையால் தட்டிவிட்டார். பந்து உருண்டோடியது, ஜீட்டர் ரன் எடுத்தார். நடுவர்கள் கூடிப் பேசி ரோட்ரிகஸை அவுட் என்றார்கள், ஜீட்டரை முதல் பேஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். களத் தடுப்பாளர் கையில் இருக்கும் பந்தை வேண்டுமென்றே தட்டிவிடக் கூடாது என்பது விதி.

நான்காவது இன்னிங்ஸில் பாஸ்டனின் மார்க் பெல்ஹார்ன் அடித்ததும் முதலில் ஹோம் ரன் என்று தரப்படவில்லை. ரசிகர் மேல் பட்டுத் திரும்பி விழுந்ததை நடுவர்கள் பேசித்தான் திருத்தினார்கள். அப்போது வீடியோ மறுஆய்வு கிடையாது, 2008ல்தான் வந்தது. இரண்டு தீர்ப்பும் பாஸ்டனுக்குப் போனது உங்களுக்கு வலிக்கும், புரிகிறது. ஆனால் இரண்டுமே நடந்ததைத்தான் சொன்னது.

அப்படியானால் யாங்கீஸ் எங்கே கோட்டை விட்டது? — ஹரி

குளிர்காலத்திலேயே. 2003ல் இருந்த பிட்சர்கள் ரோஜர் கிளெமென்ஸ், ஆன்டி பெட்டிட், டேவிட் வெல்ஸ் மூவரும் போய்விட்டார்கள். அதனால் ஏழாவது ஆட்டத்தை கெவின் பிரவுனிடம் கொடுக்க வேண்டி வந்தது. செப்டம்பரில் கோபத்தில் சுவரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டவர், மூன்றாவது ஆட்டத்திலும் இரண்டு இன்னிங்ஸ்தான் தாங்கியவர். முதல் இன்னிங்ஸில் ஓர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்தார். இரண்டாவதில் பிரவுன் மூன்று பேஸையும் நிரப்பிவிட்டுப் போக, அவருக்குப் பதில் வந்த ஹாவியர் வாஸ்கெஸின் முதல் பந்தையே டேமன் கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு ரன் தரும் ஹோம் ரன், ஆக்கினார். அவரே இன்னொரு ஹோம் ரனும் அடித்தார். 10-3.

எதிரே டெரெக் லோ, இரண்டே நாள் ஓய்வில் வந்து ஆறு இன்னிங்ஸில் ஒரே ஹிட் கொடுத்தார். தொடர் நாயகன் விருது ஓர்ட்டிஸுக்குப் போனது நியாயம். ஆனால் இந்தப் பட்டியலில் பாஸ்டனின் முடிப்பாளர் கீத் ஃபோல்க் பெயரையும் சேருங்கள்: நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று ஆட்டங்களில், அடுத்தடுத்த நாட்களில், சுமார் 100 பந்து வீசினார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு வேறு யாராவது செய்திருக்கிறார்களா? — தேவி

மேஜர் லீக்கில் இல்லை. 2020ல் ஹூஸ்டன், டாம்பா பேயிடம் 0-3 என்று இருந்து 3-3 வரை வந்து ஏழாவதில் தோற்றது. ஐஸ் ஹாக்கியில் சிலமுறை நடந்திருக்கிறது. முதலில் 1942ல் டொராண்டோ.

பாஸ்டன் கடைசியில் பட்டம் வாங்கியதா? — பத்து வயது மகனுக்காகக் கேட்கிறேன், கவிதா

வாங்கியது கவிதா. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை 4-0 என்று ஜெயித்தார்கள், 86 வருடத்துக்குப் பிறகு. கடைசி ஆட்டத்தின் வெற்றி பிட்சரும் லோதான். உங்கள் மகனுக்கு ஒரே ஒரு ஆட்டம் காட்டுவதென்றால் ஐந்தாவதைக் காட்டுங்கள். முழுதாகப் பார்க்கப் பொறுமை இருக்காது. எட்டாவது இன்னிங்ஸிலிருந்து போடுங்கள்.