பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அனல் மின் நிலைய பாய்லர் டியூப், சூட்டில் மெல்ல மெல்ல நீண்டு (க்ரீப்) அறுந்துபோகும், ஆனால் 1 லட்சம் மணி நேரம் தாங்கும் என்று வகுப்பில் சொன்னார்கள். அது 11 வருஷத்துக்கு மேல் ஆச்சே, அவ்வளவு நாள் காத்திருந்தா சோதிக்கிறார்கள்?
– டிப்ளமோ மாணவர், திருச்சி

பதில்: காத்திருப்பவர்களும் உண்டு. ஜப்பானில் 1969இல் உலைக்குள் சுமையோடு மாட்டிய ஓர் எஃகுத் துண்டு 40 வருஷத்துக்கு மேல் சோதனையில் இருந்தது. எல்லாராலும் அப்படி உட்கார முடியாது என்பதால், சூட்டைக் கூட்டிச் சீக்கிரமே அறுந்துபோக வைத்து அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். 1952இல் லார்சன், மில்லர் இருவரும் கொடுத்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: கெல்வினில் (செல்சியஸ் + 273) எடுத்த வெப்பநிலையை, ‘20 + அறுந்துபோகும் மணி நேரத்தின் மடக்கை (10 அடிமான லாக்)’ என்பதால் பெருக்குங்கள், தகைவு (ஓர் அலகு பரப்பில் விழும் சுமை) மாறாதவரை அந்த எண்ணும் மாறாது. 540 டிகிரியில், அதாவது 813 கெல்வினில், 1 லட்சம் மணி நேரம் என்றால் (அதன் மடக்கை 5) 813 × 25 = 20,325. இதையே 1,000 மணி நேரத்தில் (மடக்கை 3) பார்க்க 23ஆல் வகுங்கள், 884 கெல்வின் வரும். அதாவது அதே சுமையில் 611 டிகிரியில் சோதித்தால் ஆறு வாரத்தில் விடை.

அப்புறம், அதே டியூப் 550 டிகிரியில் ஓடினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சுமார் 50,000 மணி நேரம்தான்! வெறும் 10 டிகிரிக்குப் பாதி ஆயுள் போச்சு. டியூபின் உட்புறம் ஆக்சைடு படிந்தாலே போதும், சூடு நீராவிக்குச் சரியாகப் போகாமல் சுவரிலேயே தங்கி அந்தப் பத்து டிகிரியைக் கூட்டிவிடும்.

கேள்வி: அப்படியானால் சூத்திரத்தை நம்பலாமா?
– வாசகர், சேலம்

பதில்: பாதி நம்பலாம். 611 டிகிரியில் ஆறு வாரம் இருந்த எஃகும், 540இல் பத்து வருஷம் இருந்த எஃகும் உள்ளுக்குள் ஒன்றல்ல. எஃகுக்கு வலு கொடுக்கிற நுண்துகள்கள் காலப்போக்கில் பருத்து, எண்ணிக்கையில் குறைந்துவிடும். குறுகிய சோதனைக்கு அது தெரியவே தெரியாது. 9 முதல் 12 சதவீதம் குரோமியம் உள்ள எஃகுகளில் சிலவற்றுக்கு ஆரம்பத்தில் தாராளமாக அனுமதித்த தகைவைப் பிறகு குறைக்க வேண்டி வந்தது இதனால்தான். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இந்த வகை எஃகுகளை நீண்ட காலம் க்ரீப் சோதனையில் வைக்கிறார்கள் என்றால், வேறு வேலை இல்லாமல் அல்ல.

பல வருஷம் ஓடிய குழாயில் நேரே பார்ப்பதுதான் என் கட்சி. மேற்பரப்பைக் கண்ணாடி போலத் தேய்த்து, அமிலம் தடவி, அசிட்டோனில் நனைத்த பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி உரித்தால் உலோகத்தின் அச்சு அப்படியே வந்துவிடும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். படிகத் துகள்களின் எல்லையில் தனித்தனிக் குழிகள் என்றால் இன்னும் அவகாசம் இருக்கிறது. குழிகள் வரிசை கட்டினால் அடுத்த சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அவை சேர்ந்து விரிசலாகிவிட்டால் மாற்றுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி: வீட்டு ஜன்னல் கம்பிக்கும் க்ரீப் வருமா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: கவலையே வேண்டாம். உருகுநிலையில், கெல்வின் கணக்கில், சுமார் 40 சதவீதத்தைத் தொட்டால்தான் இந்தத் தொல்லை. இரும்புக்கு அது 450 டிகிரி, மதுரை வெயிலே ஆனாலும் அவ்வளவு போகாது! ஈயம் 327 டிகிரியிலேயே உருகுவதால் அதற்கு நம் அறை வெப்பமே அதிகம், பழைய ஈயக் குழாய்கள் தன் எடையிலேயே தொய்ந்துபோவது அதனால்தான்.