வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு 6,000 மீட்டர் சிகரம் எட்டுமா?

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறேன், வயது நாற்பதை நெருங்குகிறது. ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்குகிறேன். கயிறு, பனிக்கோடரி போன்றவற்றில் பழக்கம் இல்லை. வழிகாட்டியுடன் சென்றால் இமயமலையில் 6,000 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்தை ஏற முடியுமா? பயணத் திட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

முடியும். லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கின் வழியாகச் சென்று காங் யாட்சே 2 என்னும் சிகரத்தை ஏறிய அனுபவத்தை வைத்து இதைச் சொல்கிறேன். அதன் உயரம் ஏறத்தாழ 6,250 மீட்டர். என்னுடன் வந்தவர்களில் பெரும்பாலோர் கோவை, திருப்பூர், காங்கேயம் பக்கத்தினர். பனியை அதற்கு முன் கண்ணால் பார்த்திராதவர்களும் அவர்களில் இருந்தனர். ஆனால் உங்கள் கேள்வி முழுவதும் கால்களைப் பற்றியதாக இருக்கிறது. அந்த உயரத்தில் ஒருவர் உச்சியை அடைவாரா, பாதியில் திரும்புவாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அவர் லே நகரில் இறங்கியதிலிருந்து சிகர நாள் வரை எந்தெந்த உயரத்தில் எத்தனை இரவுகள் தூங்கினார் என்பதுதான். ஆகவே கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்பே, எந்த இரவில் எவ்வளவு உயரத்தில் தங்கவைக்கிறார்கள் என்ற விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைத் தரத் தயங்கும் நிறுவனத்தை நான் அத்தோடு விட்டுவிடுவேன்.

வெள்ளியங்கிரியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பூண்டியில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு இரவில் புறப்பட்டு, ஏழாவது மலையில் விடியலைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் முழங்கால் நடுங்க இறங்கி வருபவருக்குத் தூக்கமின்றி இருட்டில் ஏறுவதும், களைத்த கால்களோடு நிதானம் தவறாமல் இறங்குவதும் பழகியிருக்கும். சிகர நாளுக்கு இவை இரண்டும் வேண்டும். ஆனால் ஏழாவது மலையின் உச்சி 2,000 மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். லே விமான நிலையமோ 3,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதாவது, நம் பக்கத்து மலைகளில் எத்தனை முறை ஏறினாலும் காலும் நெஞ்சும் உரம் பெறுமே தவிர, உயரத்துக்கு உடலைப் பழக்க இங்கே இடமே கிடையாது. அந்தப் பழக்கம் முழுவதையும் அங்கே போய்த்தான் பெற வேண்டும். அதற்கு வேண்டியது நாட்கள்.

ஏன் நாட்கள் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். உயரம் கூடும்போது காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. ஏறத்தாழ 5,500 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். உடல் இதற்கு உடனே செய்வது, வேகமாக மூச்சு விடுவது. அப்படி விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தம் காரத்தன்மையின் பக்கம் சாய்கிறது. அதை உணர்ந்த மூளை மூச்சின் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்னும் காரப் பொருளை வெளியேற்றி இந்தச் சமநிலையை மீட்டுத் தருவதற்குச் சில நாட்கள் ஆகின்றன. அதுவரை நடக்கும் இழுபறியால்தான் இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது. கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவர் சீராக மூச்சு விட்டுக்கொண்டே இருந்து, சில நொடிகள் சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு திடீரென்று பெருமூச்சோடு மறுபடி தொடங்குவதை முதன்முறையாகக் கேட்பவர் பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த உயரத்தில் அது பெரும்பாலானோருக்கு இயல்பானது.

அசிடசோலமைடு என்ற மாத்திரை, அதாவது டயமாக்ஸ், சிறுநீரகங்களின் இந்த வேலையை முடுக்கிவிடுகிறது. முன்தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை. உயரத்துக்குச் செல்வதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதால், ஊரில் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்கி விழுங்காதீர்கள். விரல் நுனிகள் மரமரப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், சோடா வகைப் பானங்கள் சப்பென்று ருசிப்பதும் இதன் வழக்கமான விளைவுகள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாத்திரையை நம்பி நாட்களைக் குறைப்பது தவறு. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரத்தைக் கூட்டாமல் தங்குவதும்தான் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறை.

இந்த அளவுகோலை வைத்துத் திட்டங்களைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும். காங் யாட்சேக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சில்லிங், ஸ்கியூ பக்கமிருந்து தொடங்கி, மார்க்கா ஆற்றை ஒட்டி மார்க்கா, ஹங்கர், தச்சுங்சே என்று ஊர் ஊராக நடந்து, மெல்ல மெல்ல 5,100 மீட்டர் அளவிலுள்ள அடிவார முகாமை அடைவது. மற்றொன்று, ஷாங் சும்தோ பக்கமிருந்து ஏறி, 5,200 மீட்டர் அளவிலுள்ள கோங்மாரு லா கணவாயைத் தாண்டி நேராக நிமாலிங் மேய்ச்சல் வெளியில் இறங்குவது. இரண்டாவது வழியில் விடுப்பும் பணமும் மிச்சமாகும். ஆனால் 4,000 மீட்டருக்குக் கீழே தூங்கியவர் மறுநாள் இரவே 4,700 மீட்டருக்கு மேல் படுக்க வேண்டியிருக்கும். லேயில் வாரக்கணக்கில் தங்கிப் பழகியவர்களுக்கு அது சரிப்படலாம். நம்மைப் போல் நேற்றுவரை நானூறு மீட்டருக்கும் கீழே இருந்துவிட்டு, கோவையில் விமானம் ஏறி டெல்லி வழியாக மறுநாள் காலை லேயில் இறங்குபவர்களுக்கு முதல் வழிதான் ஏற்றது. லேயில் இறங்கியபின் குறைந்தது இரண்டு முழு நாட்கள் ஊருக்குள்ளேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பது நல்லது. வந்த அன்றே கர்துங் லா என்னும் உயரமான கணவாய்க்கு வண்டி கட்டிப் போவது வீண் வேலை.

பழைய பதிவுகள் பலவற்றில் ஸ்டோக் காங்ரியைப் பரிந்துரைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 6,153 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் 2020 முதல் மூடப்பட்டுவிட்டது. ஸ்டோக் கிராமத்துக்குக் குடிநீரும் பாசன நீரும் தருவது அந்த மலையின் பனிதான். கூட்டமும் குப்பையும் பெருகியதால் ஊர் மக்களே முன்னின்று நிறுத்தினார்கள். நொய்யல் பிறக்கும் மலையில் ஒவ்வொரு பருவமும் சேரும் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அவர்களுடைய கோபம் புரியாமல் போகாது. அந்தச் சிகரம் திறந்திருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜூலை முதல் செப்டம்பர் முதல் பாதி வரை பொருத்தமான காலம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறிப்பதால் கொங்கு நாடு மழைமறைவில் இருப்பதைப் போலவே, லடாக்கும் இமயத்தின் பெருந்தொடருக்குப் பின்னால் மழைமறைவில் இருக்கிறது. அதற்காக மழையே வராது என்று எண்ண வேண்டாம். 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பால் ஏற்பட்ட வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. வெயில் ஏற ஏற மேலே பனி உருகுவதால், காலையில் கணுக்காலளவு இருக்கும் ஓடை மாலையில் தொடையளவு ஆகிவிடும். ஆகவே ஆற்றைக் கடக்கும் நாட்களில் வழிகாட்டி விடியலிலேயே கிளப்பினால் முணுமுணுக்காதீர்கள்.

தொழில்நுட்ப ஏற்றம் தேவைப்படாத சிகரம் என்று விளம்பரங்களில் எழுதியிருப்பார்கள். பாறைச் சுவரிலோ செங்குத்தான பனிச் சுவரிலோ தொங்கி ஏற வேண்டியதில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அடிவார முகாமிலிருந்து சில மணி நேரம் சரளைக் கற்களில் ஏறியபின் பனி தொடங்கும். அங்கே காலணியின் அடியில் கிராம்பான் என்னும் இரும்பு முள் சட்டத்தைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஹார்னஸ் என்னும் பட்டையை மாட்டி, ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு நடக்க வேண்டும். உச்சிக்கு நெருக்கத்தில் சரிவு நன்றாகவே செங்குத்தாகும். அங்கே தடுக்கி விழுந்தால் நிற்பதற்கு ஒன்றுமில்லை. இதனால்தான் சிகர நாளுக்கு முன் ஒரு நாளைப் பயிற்சிக்கென்று ஒதுக்காத திட்டத்தை நான் ஏற்பதில்லை. கிராம்பானோடு கால்களைச் சற்று அகட்டி வைத்து நடக்கப் பழகுவது, சறுக்கினால் உடனே குப்புறத் திரும்பிப் பனிக்கோடரியை மார்போடு அணைத்து, அதன் கூர்முனையைப் பனியில் அழுத்தி ஊன்றி நிறுத்துவது ஆகிய இரண்டையும் உடம்பு தானாகச் செய்யும் வரை பழக வேண்டும். எங்கள் வழிகாட்டி ஒருவர், தயங்கி நின்றவர்களைச் சிறிய சரிவில் தாமே தள்ளிவிட்டுப் பழக்கினார். அவரைப் போன்றவர் கிடைத்தால் பாக்கியம்.

சிகர இரவில் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவார்கள். வெயில் பட்டபின் பனி இளகி, கால் புதைந்து, இறக்கம் ஆபத்தாகிவிடும் என்பது இதற்குக் காரணம். உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பையின் குழாய் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். அகலமான வாயுள்ள பாட்டிலில் வெந்நீர் நிரப்பிப் பையில் தலைகீழாக வையுங்கள், மேலிருந்து உறையத் தொடங்கினாலும் மூடிப் பக்கம் திரவமாகவே இருக்கும். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன கடலை உருண்டை பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகிவிட்டது. சட்டையின் உட்பையில் உடல் சூட்டோடு வைத்திருந்தவர்கள் மட்டுமே தின்றார்கள். 5,000 மீட்டருக்கு மேல் பசியே எடுக்காது என்பதால், பிடித்த உணவு எதுவோ அதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. முகாமில் சமையல்காரரிடம் பக்குவம் சொல்லி, பிரஷர் குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் வைக்கச் செய்தோம். பெருங்காயமும் நெய்யும் நாங்கள் கொண்டுபோனவை. அன்று மட்டும் தட்டில் மிச்சம் இல்லை.

உடையைப் பற்றி, பனியன் நகரத்துக்காரர்களின் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். குளிர்காற்றில் அந்த ஈரம் உடல் சூட்டை இழுத்துவிடும். உடலை ஒட்டி அணிவது கம்பளியோ பாலியெஸ்டரோ ஆக இருக்கட்டும்; விளையாட்டு உடைக்கென்று திருப்பூரிலேயே தைக்கப்படும் பாலியெஸ்டர் துணி இதற்கு ஏற்றது. பனிக்காலணி, கிராம்பான், குளிர் தாங்கும் மேலங்கி ஆகியவை லேயில் வாடகைக்குக் கிடைக்கின்றன. காலணியைத் தடித்த காலுறையுடன் போட்டு, சரிவில் இறங்குவதுபோல் முன்னுக்கு அழுத்தி, விரல் முட்டுகிறதா என்று பார்த்தபின் எடுங்கள். கருப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் கால் வைக்கவே கூடாது. சில மணி நேரத்தில் கண்கள் வெந்துபோகும்.

ஊரில் செய்ய வேண்டிய பயிற்சிக்குச் சென்னிமலைப் படிகளை விடச் சிறந்த இடம் உங்களுக்கு வாய்க்காது. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். எட்டு முதல் பத்து கிலோ பையோடு, நடுவில் நிற்காமல், பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் வாரம் இருமுறை ஏறி இறங்குங்கள். மற்ற நாட்களில் மெதுவான நீண்ட ஓட்டம். வேகமாக ஏறும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது. நாற்பதை நெருங்குகிறீர்கள் என்பதால் இதயப் பரிசோதனையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளாமல் கிளம்ப வேண்டாம்.

எங்கள் குழுவிலேயே மிக வலுவானவர் காங்கேயத்து நண்பர் ஒருவர். எல்லா நாளும் முதலில் முகாமை அடைந்தவர். சிகர இரவில் பனி தொடங்கும் இடத்தில் அவருக்குத் தலைவலி கூடியது, வாந்தியும் வந்தது. "ஏனுங்க, கால் நல்லாத்தானுங்க இருக்குது, இன்னும் ரெண்டு மலை ஏறுவேனுங்க" என்று அவர் வாதாடினார். வழிகாட்டி பதில் எதுவும் சொல்லாமல், ஒரு காலின் விரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தார். தடுமாற்றம் என்பது மூளை வீக்கத்தின் முக்கியமான அறிகுறி. உடனே உதவியாளர் ஒருவருடன் கீழே அனுப்பப்பட்டார், நிமாலிங்கில் தெளிந்தும்விட்டார். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவதும் இருமல் கூடுவதும் நுரையீரலில் நீர் கோத்திருப்பதைக் காட்டும். இவை இரண்டுக்கும் டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகள், ஆக்சிஜன் உருளை எல்லாம் இறங்குவதற்கு உதவும் துணைகளே. சிகிச்சை என்பது இறங்குவதுதான். ஆகவே நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இப்படி ஒருவர் திரும்பினால் அவருடன் இறங்கத் தனியாக ஆள் இருக்கிறாரா என்பது. ஒரே வழிகாட்டி மட்டும் வரும் குழுவில் ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும், அல்லது அவரைத் தனியே விட வேண்டும்.

மிச்சம் சில நடைமுறைச் செய்திகள். சிகரத்துக்கான அனுமதியை இந்திய மலையேற்ற அறக்கட்டளையிடம் நிறுவனம் பெற்றிருக்க வேண்டும்; நகலைக் கேட்டுப் பாருங்கள். காப்பீட்டில் நீங்கள் ஏறும் சிகரத்தின் உயரம் வரையிலான மலையேற்றம் அடங்குகிறதா என்பதை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இதை விலக்கிவிடும். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபின் பெரும்பாலும் பயன்படாது. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசு அனுமதியின்றி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் என்பதால், வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று அதைக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளாதீர்கள். வானிலைக்கென்று சிகர நாளுக்கு ஒரு மாற்று நாளும், லேயிலிருந்து விமானம் தவறினால் சமாளிக்க ஒரு நாளும் விடுப்பில் சேர்த்துக்கொண்டால், மேலே இருக்கும்போது அலுவலகத்தை நினைத்து அவசரப்பட வேண்டியிருக்காது.