புதிய வீடுகள் கட்டுவதால்தான் அமெரிக்கப் புறநகர்ப் பள்ளிகளில் நெரிசல் ஏற்படுகிறதா?

ஓரளவு ஆமாம். ஆனால் எல்லா வீடும் ஒரே மாதிரி நெரிசலைக் கொண்டுவருவதில்லை. எந்த மாதிரி வீடு, அதில் யார் குடிவருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் எல்லாம் இங்கேதான்; நம்மவர்களுக்குப் பழகிய பெயர்கள். 1990-இல் இந்தக் கவுண்டியின் மக்கள் தொகை சுமார் 86 ஆயிரம். 2000-இல் 1.7 லட்சம், 2010-இல் 3.1 லட்சம், 2020-இல் 4.2 லட்சம். வெறும் ஆள் கணக்கு என்றால் சமாளித்திருக்கலாம். புதிய குடியிருப்புகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏறக்குறைய ஒரே வயது, அதுதான் சிக்கல். முப்பதுகளில் இருக்கும் தம்பதி, கையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. எங்கள் தெருவே அப்படித்தான் நிரம்பியது.

அதனால் முதலில் ஆரம்பப் பள்ளி திணறும். நாலைந்து வருடம் கழித்து நடுநிலைப் பள்ளி, அப்புறம் உயர்நிலைப் பள்ளி. ஆல்டி பகுதியில் 2012-இல் ஜான் சாம்ப் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தார்கள். அது நிரம்பி வழிந்து, எட்டே வருடத்தில், 2020-இல், அதன் சுமையைக் குறைக்க லைட்ரிட்ஜ் உயர்நிலைப் பள்ளி வந்தது. இதே கவுண்டியின் மேற்குப் பக்கக் கிராமங்களில் சின்னப் பள்ளிகளை மூடலாமா என்ற பேச்சு அடிக்கடி எழும். ஒரு பக்கம் விளையாட்டு மைதானத்தில் ட்ரெய்லர் வகுப்பறை, இன்னொரு பக்கம் ஆள் இல்லாத வகுப்பறை.

வீடு வரும்போதே பள்ளியும் வந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுத்திருப்பதை மண்டலம் என்பார்கள். இங்கே மண்டலம் மாற்றி வீடு கட்ட அனுமதிப்பது கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்கள் வாரியம். எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு என்று பள்ளி எல்லை வகுப்பது பள்ளி வாரியம். இரண்டும் தனித்தனியாகத் தேர்தலில் வருபவை. வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. கட்டடத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பெரும்பாலும் கவுண்டி கடன் பத்திரம் வெளியிட வேண்டும், அதற்கு வழக்கமாக மக்கள் வாக்கெடுப்பு நடக்கும். பில்டர் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார். நிலத்தின் மண்டலத்தை மாற்றக் கேட்கும் பில்டர் பள்ளிக்கு நிலமோ பணமோ தருவதாக ஒப்புக்கொள்வது உண்டு. அதைப் ‘ப்ராஃபர்’ என்பார்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் மண்டல விதிப்படியே கட்டினால் ப்ராஃபர் பேச்சே எழாது. 2016-இல் மாநிலச் சட்டமன்றம் குடியிருப்புத் திட்டங்களில் ப்ராஃபர் கேட்பதற்கே கடும் கட்டுப்பாடு போட்டது, 2019-இல் கொஞ்சம் தளர்த்தியது. லவுடனை ஓரளவு காப்பாற்றுவது டேட்டா சென்டர் வரிதான். அவற்றுக்குப் பிள்ளைகள் கிடையாது, ஆனால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வரி கட்டுகின்றன. பார்க்கத்தான் சகிக்காது.

சரி, அபார்ட்மெண்ட்? புதிதாக அபார்ட்மெண்ட் வருகிறது என்றாலே “ஸ்கூல் தாங்காது” என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கொதிப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒன்று, இரண்டு படுக்கையறை உள்ள உயரக் கட்டடங்களிலிருந்து வரும் பிள்ளைகள் குறைவு. தனி வீடுகளிலிருந்தும், வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ்களிலிருந்தும் வருவதுதான் அதிகம். 2022 நவம்பரில் ஆஷ்பர்ன் வரை மெட்ரோ வந்த பிறகு ஸ்டேஷன்களை ஒட்டிக் கட்டுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள், தாங்கள் வாங்கிய நாலு படுக்கையறை வீட்டை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

போட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டியில் பள்ளி தாங்காது என்று வீடு கட்டுவதையே நிறுத்திப் பார்த்துவிட்டார்கள். ஒரு பகுதியின் பள்ளிகள் கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டும் நிலை வந்தால் அங்கே புதிய வீடுகளுக்குத் தடை என்று விதி இருந்தது. ஆனால் மாணவர் எண்ணிக்கை கூடியதற்குப் பெரிய காரணம் பழைய வீடுகள் கைமாறியதுதான் என்று அந்தக் கவுண்டியின் திட்டத் துறையே சொன்னது. பிள்ளைகள் வளர்ந்துபோன தம்பதி வீட்டை விற்பார்கள், மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வாங்கும். ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை, பள்ளியில் மூன்று பேர் கூடிவிட்டார்கள். 2020 நவம்பரில் அந்தத் தடையைப் பெரும்பாலும் கைவிட்டு, நெரிசலான பகுதியில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்று மாற்றினார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பள்ளியைப் பார்த்து வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ரியல்ட்டர் (வீட்டுத் தரகர்) காட்டும் பள்ளி ரேட்டிங் இன்றைய எல்லைக்குத்தான். பக்கத்தில் எத்தனை வீடுகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், பள்ளி வாரியத்தின் கட்டடத் திட்டத்தில் அடுத்த பள்ளி எந்த ஆண்டு என்று பாருங்கள்; இரண்டும் கவுண்டியின், பள்ளித் துறையின் இணையதளங்களில் கிடைக்கும். புதுப் பள்ளி வரப்போகிறது என்றால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அது திறக்கும்போது உங்கள் தெரு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழக்கூடும் என்று வரைபடத்தை வைத்து யோசியுங்கள். எல்லை மாற்றக் கூட்டங்களில் கவுண்டியில் வசிப்பவர்கள் பெயர் கொடுத்துப் பேசலாம். நம்மவர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள்.