பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸ் ஆயில் கசிவு: வாங்குமுன் எழும் சில கேள்விகள்

கேள்வி: 1970-களில் தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து ஆயில் சொட்டுகிறது. கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: அந்தத் துளை பழுதால் வந்ததல்ல. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கிளட்சை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்குக்குள் கசியும் ஆயில் தேங்கிக் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடாமல் வெளியேறுவதற்காகத் தொழிற்சாலையிலேயே போடப்பட்டது. அதில் ஸ்பிளிட் பின் எனும் இரு கால் கொண்ட கம்பி ஊசி ஒன்று தளர்வாகத் தொங்கும். கார் ஓடும்போது அது ஆடிக்கொண்டிருப்பதால் துளை அழுக்கேறி அடைபடாது. நான் பரிசோதித்த ஒரு காரில் அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆனால் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது எஞ்சின் சத்தம் ஏறியதே தவிர வேகம் ஏறவில்லை: ஆயிலில் நனைந்த கிளட்ச் வழுக்கிக்கொண்டிருந்தது. ஆகவே, அங்கே சொட்டுவதைவிட அங்கே அடைத்திருப்பதைக் கண்டுதான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

சொட்டும் ஆயில் எஞ்சினின் பின்புற சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) வழியே வந்ததாகவும் இருக்கலாம், கியர்பாக்ஸின் முன்புறத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பல கார்களில் கியர் ஆயிலின் கந்தக வாடையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எம்ஜிபியின் கியர்பாக்ஸுக்கோ எஞ்சின் ஆயிலையே ஊற்ற வேண்டும் என்பதால், வாடையை நம்பிப் பயனில்லை. நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சினில் ஓடிய ஆயில் புகைக்கரியால் கறுத்திருக்கும், கியர்பாக்ஸில் ஓடியது பெரும்பாலும் தேன் நிறத்திலேயே இருக்கும். விற்பவர் அண்மையில் எஞ்சின் ஆயிலை மாற்றியிருந்தால் இந்தச் சோதனையும் பொய்த்துவிடும் என்பதால், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் எதுவானாலும் எம்ஜிபியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டியிருப்பதால் வேலைக்கூலி ஏறக்குறைய ஒன்றுதான். விலை பேசும்போது அதை மனத்தில் வையுங்கள். மற்றொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் எஞ்சினை அசைக்காமல் கியர்பாக்ஸை மட்டும் காரின் உட்புறம் வழியாகவே எடுத்துவிடலாம் என்பதால், இதே சொட்டு அங்கே இவ்வளவு பெரிய செலவு வைக்காது.

கேள்வி: விற்பவர் காரின் அடிப்பகுதியைப் பளிச்சென்று கழுவி வைத்திருக்கிறார். கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கழுவியது உங்களுக்கு நல்லதே, புதிதாக வரும் ஆயில் தெளிவாகத் தெரியும். அரை மணி நேரமாவது ஓட்டி, ஆயில் நன்கு சூடேறியபின் நிறுத்தி, அடியில் அட்டையை விரித்து இரவு முழுவதும் விட்டுவைக்க அனுமதி கேளுங்கள். சொட்டு விழுந்த இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்: ஓடும் காரில் காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளும், அது தன் எடையால் கீழ்நோக்கியும் வழியும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களிலேயே மிக உயரத்திலும் முன்னாலும் இருப்பது எதுவோ அங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும். ஐயமான இடத்தைத் துடைத்து முகப்பவுடரைத் தூவிவிட்டால், ஆயில் கிளம்பும் இடத்தில் அது கறை படிந்து காட்டிவிடும்.

கேள்வி: சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் கியர்பாக்ஸின் பின்முனையில் மட்டும் ஈரம். "சீல் மாற்றினால் போதும்" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சீல் மலிவானது, மாற்றுவதும் எளிது. ஆனால் அதற்குமுன் ஷாஃப்டின் முன்முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தெளிவாக ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் போட்ட புதுச் சீல் விரைவிலேயே மறுபடி கசியும். கியர்பாக்ஸின் மேலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சூட்டில் விரியும் காற்றுக்குப் போக வழியில்லாதபோது, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே தள்ளப்படும்.

கேள்வி: டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார்வெட் எனும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் அளவு குறைந்துகொண்டே வருகிறது, வெளியே கசிவே இல்லை.

பதில்: எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கொண்டு கியர்பாக்ஸின் செயலைச் சீர்படுத்தும் உறுப்பான வேக்கும் மாடுலேட்டரைச் சோதியுங்கள். அதனுள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்தால், எஞ்சினின் உறிஞ்சு விசை ஆயிலைக் குழாய் வழியே இழுத்து எரித்துவிடும். புகைக்குழாயில் வெண்புகை வரும். மாடுலேட்டரிலிருந்து குழாயைக் கழற்றி முனையைப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் தெரிந்தால் காரணம் அதுதான். கியர்பாக்ஸைக் கழற்றாமலே அந்த உறுப்பை மாற்றிவிடலாம்.

கேள்வி: சிறிய கசிவு இருந்தாலே காரை வேண்டாமென்று சொல்லிவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கசிவைவிட, கசிந்ததை யாரும் திரும்ப நிரப்பாமல் விட்ட காலமே கியர்பாக்ஸைக் கெடுக்கிறது. மேனுவல் கியர்பாக்ஸில், சமதளத்தில் நிறுத்திய காரின் ஆயில் நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பொதுவாகத் துளையின் கீழ்விளிம்பு வரை இருக்க வேண்டும். அடிப்பிளக்கை முதலில் கழற்றி ஆயிலை வடித்துவிட்டு, மேல்பிளக் துருவேறித் திறக்காமல் போனால், காரை அங்கிருந்து நகர்த்த முடியாது. விற்பவர் சம்மதித்தால் ஆயிலை வடித்து, அடிப்பிளக்கில் காந்தம் இருக்குமானால் அதையும் பாருங்கள்: சாம்பல் நிறப் பசைபோல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம், உதிர்ந்த இரும்புச் சில்லுகள் கியர் பல்லோ பேரிங்கோ உடைவதற்கு அடையாளம். வடிந்த ஆயிலில் பித்தளைத் துகள் நிறைய மின்னினால் கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. அப்படியானால், கியர்பாக்ஸைப் பிரித்து வேலை செய்யும் முழுச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.