முன் பிரேக்கைத் தொடலாமா? பைக் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா, "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்" என்றார். இத்தனை வருடமாகக் காலால்தான் நிறுத்துகிறேன். சரிதானா?

ப: மாமா பாதி சரி. சட்டென்று இறுக்கினால்தான் ஆபத்து. பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன்பக்கம் வந்துவிடும்; முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முன் டயர் ரோட்டில் நன்றாக அழுந்தும், பின் டயர் லேசாகிவிடும். அந்த லேசான சக்கரத்தை மட்டும் ஓங்கி மிதித்தால் அது சுற்றாமல் தேய்ந்துகொண்டே போகும், வண்டி சீக்கிரம் நிற்காது. காய்ந்த தார் ரோட்டில் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

லிவரை முதலில் மெல்லப் பிடியுங்கள். ஃபோர்க் அமுங்கியதும் பிடியைக் கூட்டுங்கள், கூடவே பின் பிரேக்கும் அளவாக. ஹேண்டில் நேராக இருக்கட்டும். முன் சக்கரம் சறுக்குவதுபோலத் தெரிந்தால் உடனே தளர்த்தி மறுபடி பிடிக்க வேண்டும். ஆளில்லாத ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்துப் பழகுங்கள். கைக்குப் பழகாத வித்தை, லாரி குறுக்கே வரும் நேரத்தில் வராது.

கே: அவசரத்தில் முதலில் கிளட்ச்சா, பிரேக்கா?

ப: பிரேக். இரண்டும் சேர்ந்தே வந்தாலும் பரவாயில்லை. கிளட்ச்சை மட்டும் பிடித்து உருளவிடுவதுதான் தப்பு.

கே: புது வண்டி, ஏபிஎஸ் உள்ளது. வேகமாகப் பிடித்தபோது லிவர் கையில் துடித்தது. கோளாறா?

ப: இல்லை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது. பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். உங்களுடையது சிங்கிள் சேனலா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு. ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் நின்றுவிடும்.

கே: கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது தீய்ந்த வாடை வந்தது, பின் பிரேக் பிடிக்கவே இல்லை. என்ன காரணம்?

ப: 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பெடலிலிருந்து காலை எடுத்திருக்க மாட்டீர்கள்! பின் சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேறினால், அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவுக்குப் பிடிமானம் போய்விடும். மலை ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது. வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம், முன்னால் டிஸ்க் என்றால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா என்றும் பாருங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம்மில் பலர் வண்டியை விற்கும்வரை மாற்றுவதில்லை.

கே: மழையில் முன் பிரேக் பிடிக்கலாமா?

ப: பிடிக்கலாம், இன்னும் மெதுவாக, இன்னும் முன்கூட்டியே. முதல் தூறலில்தான் ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் சேர்ந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி இவற்றின்மேல் போகும்போது மட்டும் பிடியைத் தளர்த்திவிடுங்கள்.