கடலில் இறங்கிய லாவாவில் மீன்கள் குடியேறுவது எப்படி? – கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், பித்தோன் த லா ஃபுர்னேஸ் எரிமலையின் குழம்பு 2007 ஏப்ரலில் கடலுக்குள் இறங்கியது. அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

செல்வி: அந்த இடத்தில் முன்பு இருந்த மீன்கள் என்ன ஆகும் சார்?

நீந்தி ஒதுங்க முடிந்தவை ஒதுங்கிவிடும். கல்லிடுக்கை விட்டு நகராதவை அங்கேயே சாகும். 2007இல் ஆழ்கடல் மீன்கள்கூடச் செத்து மேலே மிதந்தன.

அருள்: பவளம் வளர்ந்த பிறகுதானே மீன் வரும்?

இல்லை. முதலில் மீனுக்குத் தேவை ஒளிய இடம். லாவா கட்டிகட்டியாக உடைந்து கிடந்தால், பவளமே இல்லாதபோதும் மீன் வந்துவிடும். கல்மேல் இழைப்பாசி படர்ந்ததும் அதை மேய சர்ஜன் மீன்கள் வரும். குகை போன்ற பொந்துகளில் பகலில் சிவப்பு சோல்ஜர் மீன்கள் அடைந்திருக்கும். அலை அறையும் மேல்பகுதியில் பருந்து மீனைப் பாருங்கள்: மிதக்க உதவும் காற்றுப்பை அதற்குக் கிடையாது, தடித்த மார்புத்துடுப்புக் கதிர்களைக் கல்லில் ஊன்றிக்கொண்டு அசையாமல் இருக்கும்.

பவளத்தையே நம்பி வாழ்பவை கடைசியில்தான் வரும். கீட்டோடான் ட்ரைஃபாசியாலிஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மீன் மேசை வடிவ அக்ரோபோரா பவளத்தைத்தான் கொத்தித் தின்னும். அது நிலையாகத் தங்கிவிட்டால் பவளம் நன்றாக ஊன்றிவிட்டது என்று அர்த்தம்.

நஸ்ரின்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு லாவாக்களில் ஒன்றில் மீன் நிறைய, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. ஏன்?

பெரும்பாலும் மணல்தான் காரணம். கொதிக்கும் குழம்பு கடல்நீர் பட்டதும் கண்ணாடி போல நொறுங்கிக் கருமணல் ஆகிறது. அலை அதை அள்ளி அள்ளிப் பாறைமேல் தேய்க்கும்போது பாசியும் பவளக்குஞ்சும் உரிந்துபோகும், பொந்துகளும் தூர்ந்துவிடும். மணலுக்கு மேலே எழுந்து நிற்கும் முகடுகள் தப்பிக்கும். அதனால் வயதை மட்டும் வைத்து லாவாக்களை ஒப்பிடாதீர்கள்.

குமரன்: முழுசாக மீள எத்தனை வருஷம் ஆகும்?

இடத்தைப் பொறுத்தது. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் 1988 லாவாவில் ஐந்தே ஆண்டில் 90 செ.மீ.க்கு மேல் அகலமான மேசைப்பவளங்கள் வளர்ந்திருந்தன. ஹவாயில் அலை மோதும் இடங்களுக்குச் சுமார் 20 ஆண்டு, ஒதுக்கமான இடங்களுக்கு 50க்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். அமைதியான இடத்துக்கு அதிக காலமா என்று தோன்றும். அலைப்பகுதியில் பவளத்தை அலை அடிக்கடி உடைப்பதால் அங்கே ‘முழுசு’ என்பதே இளம் நிலைதான்.

தேன்மொழி: லாவா கடலுக்கு உரமாகுமா?

2018இல் ஹவாயின் கிலாவியா லாவா இறங்கியபோது கடலில் நுண்பாசி பெருகியது. ஆனால் பாசிக்குத் தேவையான நைட்ரஜன் லாவாவில் இல்லை. லாவாவால் சூடேறி மேலெழுந்த ஆழத்து நீர்தான் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தைக் கொண்டுவந்தது.

பிரபு: மீன் எண்ணும் முறையைச் சொல்லுங்கள் அண்ணா.

ஒரே ஆழத்தில் 50 மீட்டர் டேப் விரியுங்கள். சரிவில் ஆழம் மாறினால் மீன் வகையே மாறிவிடும். விரித்ததும் சில நிமிடம் விலகி நில்லுங்கள், கலைந்த மீன் திரும்பும். போகும்போது 5 மீட்டர் அகலத்துக்குள் நீந்தும் பெரிய மீன்களை மட்டும் எண்ணுங்கள். அது 250 சதுர மீட்டர். திரும்பும்போது 2 மீட்டர் அகலத்தில் தரையோடு ஒட்டிய சிறுமீன்களை எண்ணுங்கள். இரண்டையும் ஒரே நடையில் பார்த்தால் சிறியவை விட்டுப்போகும்.

நீளத்தை 5 செ.மீ. பிரிவுகளாகக் குறியுங்கள். எடை ஏறக்குறைய நீளத்தின் மும்மடிக்கேற்பக் கூடுவதால், நீளத்தில் 10 சதவீதம் பிசகினால் எடையில் 33 சதவீதம் பிசகும். அளவு தெரிந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை நீருக்கடியில் வைத்துக் கண்ணைப் பழக்குங்கள். அங்கே எல்லாம் பெரிதாகத்தான் தெரியும்.

மேடுபள்ளத்தையும் அளக்க வேண்டும். 10 மீட்டர் சங்கிலியைப் பாறையோடு படியவிட்டு, நேர்தூரத்தை டேப்பில் பாருங்கள். 6.5 மீட்டர் வந்தால் விகிதம் 10 ÷ 6.5, அதாவது 1.54. மேடுபள்ளம் கூடினால் மீன் ஒளிய இடமும் கூடும். இந்த எண் இல்லாமல் மீன் எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ரோஸி: புது லாவாவில் எப்போது இறங்கலாம்?

குழம்பு ஓடும்வரை கூடாது. நின்ற பிறகும், கடலை ஒட்டி உருவான புதுக்கரை தளர்ந்த கற்குவியல்மேல் நிற்பதால் முன்னறிவிப்பின்றிச் சரியும். புவியியல் ஆய்வாளர்கள் அனுமதித்த பகுதியில் மட்டும் இறங்குங்கள், கரையை ஒட்டி நீந்தாதீர்கள்.